வீட்டு வைஃபைக்குள் வேண்டாதவர் நுழையாமல் தடுக்க: எந்த வழி எவ்வளவு தாங்கும்?

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைப்பில் இருக்கும் கருவிகளை எண்ணிப் பார்த்தால் ஒன்பது வருகிறது. வீட்டில் இருப்பதோ ஏழு. மீதி இரண்டு யாருடையவை? வைஃபை பாதுகாப்பைப் பற்றிப் பலர் யோசிக்கத் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். அந்தப் பதற்றத்தில் தேடினால் யோசனைகளுக்குக் குறைவே இருக்காது. பாஸ்வேர்டை மாற்று, நெட்வொர்க் பெயரை மறைத்துவை, மேக் ஃபில்டர் போடு, இரவில் அணைத்துவிடு என்று எல்லாவற்றையும் ஒரே எடையில் அடுக்கியிருப்பார்கள். உண்மையில் இவற்றுள் சிலதான் கதவைப் பூட்டுகின்றன. மற்றவை பூட்டிவிட்டோம் என்ற நிம்மதியை மட்டும் தருகின்றன. எதற்கு நேரம் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கவே இந்த ஒப்பீடு.

முதலில் அந்த இரண்டு கருவிகளைப் பார்த்துவிடுவோம். அவை உங்களுடையவையாகவே இருக்கலாம். ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் மேக் முகவரி என்று 48 பிட் நீளமுள்ள ஓர் அடையாளம் உண்டு. பன்னிரண்டு குறிகளாக எழுதப்படும் அந்த முகவரியின் முதல் பாதி, கருவியைத் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். அதை வைத்தே "இது டிவி, இது பிரிண்டர்" என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். போன்களில்தான் சிக்கல். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து, போன்கள் தங்கள் அசல் முகவரியைக் காட்டாமல் நெட்வொர்க்குக்கு ஒன்றாகத் தாமே உருவாக்கிக்கொண்ட முகவரியைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது குறி 2, 6 என்ற எண்களாகவோ ஏ, இ என்ற ஆங்கில எழுத்துகளாகவோ இருந்தால், அது அநேகமாக அப்படி உருவான முகவரிதான். வீட்டுக் கருவிகளில் ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகும் ஒன்று மிஞ்சி நின்றால், அப்போதுதான் அது அந்நியர்.

அந்த அந்நியர் எப்படி உள்ளே வந்திருப்பார்? பூட்டை உடைத்து வந்திருப்பார் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். நான் பார்த்த வீடுகளில் எல்லாம் நடந்தது வேறு. பாஸ்வேர்டை யாரோ யாருக்கோ கொடுத்திருந்தார்கள். பிள்ளையின் நண்பன், பழுது பார்க்க வந்தவர், அவசரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர். ஒருமுறை இணைந்த போனிலிருந்து கியூஆர் குறியீடாக அதை அடுத்தவருக்குக் காட்ட ஒரு நொடி போதும். கொடுத்தவருக்கே தெரியாமல் பாஸ்வேர்டு பயணம் போய்விடும். இவரைத் தவிர இன்னும் இருவரைக் கணக்கில் கொள்ள வேண்டும்: எளிய பாஸ்வேர்டை ஊகித்து நுழையும் அக்கம்பக்கத்தவர் ஒருவர், கருவிகளும் பொறுமையும் உள்ள கைதேர்ந்தவர் ஒருவர். ஒவ்வொரு வழியையும் இந்த மூவரில் யாரைத் தடுக்கும் என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

மறையாக்க முறை: இதில் தயக்கமே தேவையில்லை

காற்றில் போகும் செய்திகளை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதே மறையாக்கம். ரவுட்டரில் பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று வரிசையாக இருக்கும். 1990களில் வைஃபையோடு பிறந்த டபிள்யூஇபி எப்போதோ செத்துப்போன முறை. அதன் அடிப்படைப் பலவீனத்தை ஃப்ளூரர், மாண்டின், ஷமிர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001இல் வெளிப்படுத்தினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் அதன் 104 பிட் சாவியை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் இதில் பயன் கிடையாது. 2003இல் அவசர ஒட்டுப்போட்டது போல வந்த முதல் டபிள்யூபிஏவும் அதன் டிகேஐபி என்ற மறையாக்க முறையும்கூட இன்று ஒதுக்க வேண்டியவையே.

ஆக, உண்மையான போட்டி 2004இல் வந்த டபிள்யூபிஏ2வுக்கும் 2018இல் வந்த டபிள்யூபிஏ3க்கும் இடையில்தான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தேர்வு எளிதாகிவிடும்.

டபிள்யூபிஏ2வில் உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது இரண்டுக்கும் இடையே நான்கு செய்திகள் போய்வரும். காற்றில் செல்லும் அந்தச் செய்திகளை அருகிலிருந்து யாரும் பதிவு செய்துகொள்ளலாம். யாரும் இணையும்வரை காத்திருக்கவும் வேண்டாம். போலித் துண்டிப்புச் செய்தி ஒன்றை அனுப்பினால் உங்கள் போன் அறுபட்டு, தானாக மறுபடி இணையும். பதிவு கையில் கிடைத்ததும் ஆள் போய்விடலாம். வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பதிவோடு பொருந்துகிறதா என்று தன் கணினியிலேயே பார்த்துக்கொள்வார். உங்கள் ரவுட்டருக்கு இது தெரியவே தெரியாது. டபிள்யூபிஏ3 இந்த வாசலைத்தான் அடைக்கிறது. அதில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரடியாகப் பேசியாக வேண்டும். போலித் துண்டிப்புச் செய்தியையும் அது ஏற்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: டபிள்யூபிஏ2வில் பாஸ்வேர்டு தெரிந்தவர், நீங்கள் இணையும் கணத்தைப் பதிவு செய்துவிட்டால் உங்கள் வைஃபை மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். டபிள்யூபிஏ3இல் பாஸ்வேர்டு பின்னால் கசிந்தாலும் பழைய பதிவுகள் திறக்காது.

அதற்காக டபிள்யூபிஏ3 குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். மேத்தி வான்ஹூஃப், எயால் ரோனன் என்ற ஆய்வாளர்கள் 2019இல் அதன் குறைகளை வெளியிட்டார்கள்; திருத்தங்கள் வந்தன. அதே வான்ஹூஃப்தான் 2017இல் டபிள்யூபிஏ2வில் கிராக் என்று பெயரிடப்பட்ட ஓட்டையைக் கண்டவர். அதற்கும் திருத்தம் வந்தது. இந்தத் திருத்தங்கள் ரவுட்டரையும் போனையும் புதுப்பித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தன. மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன ரவுட்டரை மாற்றிவிடுவது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பல ரவுட்டர்களில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் சேர்த்து ஏற்கும் கலப்பு முறை உண்டு. பழைய பிரிண்டரோ டிவியோ இருக்கும் வீட்டில் இதுவே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் கலப்பு முறையில் பாஸ்வேர்டு ஒன்றேதான். டபிள்யூபிஏ2 வாசல் திறந்திருக்கும்வரை, பதிவு செய்து ஊகிக்கும் வழியும் திறந்தே இருக்கிறது. கலப்பு முறையைப் போட்டுவிட்டு, 'டபிள்யூபிஏ3 வந்துவிட்டது, இனிப் பாஸ்வேர்டு எப்படி இருந்தால் என்ன' என்று இருந்துவிடக் கூடாது. எல்லாக் கருவிகளும் புதியவை என்றால் டபிள்யூபிஏ3 மட்டும். இல்லையென்றால் கலப்பு. ரவுட்டரே பழையது என்றால் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையிலான டபிள்யூபிஏ2, நல்ல பாஸ்வேர்டோடு.

பாஸ்வேர்டு: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நல்ல பாஸ்வேர்டு எது என்று பொதுவாகச் சொல்வதைவிட எண்களில் பார்ப்பது தெளிவு. டபிள்யூபிஏ2வில் பாஸ்வேர்டு 8 முதல் 63 குறிகள் வரை இருக்கலாம். ஒவ்வொரு ஊகத்தையும் சோதிக்க 4,096 சுற்றுக் கணக்குப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், ஊகிப்பவரைத் தாமதப்படுத்தத்தான். ஆனாலும் இன்றைய உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். பத்து லட்சம் என்றே வைத்துக்கொள்வோம்.

எட்டு இலக்க எண், அதாவது ஒருவரின் பிறந்த தேதி போன்றது: மொத்தம் பத்துக் கோடி வாய்ப்புகள். நூறு நொடியில் முடிந்துவிடும். பிறந்த தேதி என்று ஊகித்துவிட்டால் ஒரு நொடிகூட ஆகாது. பத்து இலக்க எண், அதாவது போன் நம்பர் போன்றது: மூன்று மணி நேரத்துக்குள். இந்த இரண்டும்தான் வீடுகளில் அதிகம் கண்ணில் படுகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குடும்பத்தார் எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது என்பதற்காக வைக்கிறார்கள், நோக்கம் புரிகிறது. ஆனால் அதைவிட வசதியான வழி இருக்கிறது.

பன்னிரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளை எந்த ஒழுங்கும் இல்லாமல் வைத்தால் அதே கார்டுக்கு மூவாயிரம் ஆண்டுகள் ஆகும். பாதுகாப்பானதுதான், ஆனால் டிவி ரிமோட்டில் தட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். இன்னொரு வழி சொற்கோவை. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டிச் சொற்களை எடுப்பது. ஐந்து பகடைகள் விழும் விதங்கள் சரியாக 7,776. அதனால்தான் அந்த எண். நான்கு சொற்கள் என்றால் சுமார் 116 ஆண்டுகள். ஐந்து சொற்கள் என்றால் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஆண்டுகள். ஒரே ஒரு சொல் கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம். நூறு கார்டுகளை அடுக்கிவைத்து முயன்றாலும் ஐந்து சொற்கள் அசையாது. என் தேர்வு இதுதான்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி இப்படிக் கோக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஏணி, முயல், படகு, சாவி, மேகம் என்று தொடர்பே இல்லாத ஐந்து சொற்கள் நன்றாக நினைவில் நிற்கும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். சொற்களைச் சீட்டு குலுக்கியோ பகடை உருட்டியோ எடுங்கள். மனத்தில் வருவதை எடுத்தால் பெயரும் ஊரும் தெய்வமும்தான் வரும், அவை ஊகிப்பவரின் பட்டியலிலும் முதலில் இருக்கும். அடுத்தது எழுத்துக்கூட்டல். ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே ஒற்றுமை இருக்காது. ழ, ள, ற வராத, குறில் மிகுந்த சொற்களாகப் பார்த்து எடுத்தால் வாய்வழியே சொல்லும்போது குழப்பம் வராது. அப்படி வடிகட்டும்போது பட்டியல் சுருங்கும் என்பதால் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை மறைப்பதா, மாற்றுவதா?

நெட்வொர்க் பெயரை மறைப்பது பலருக்குப் பிடித்த வழி. பெயரே தெரியவில்லையென்றால் எப்படி நுழைவார்கள் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் மறைத்த பிறகும் ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை 'இங்கே ஒரு நெட்வொர்க் இருக்கிறது' என்று அறிவித்துக்கொண்டுதான் இருக்கும். பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். உங்கள் போன் இணையும் கணத்தில் அந்தப் பெயர் வெளிப்படையாகக் காற்றில் போகும். கைதேர்ந்தவருக்கு இது தடையே இல்லை. பாஸ்வேர்டை வாங்கிப்போனவருக்குப் பெயரும் தெரியும். மூவரில் யாரையும் இது நிறுத்தவில்லை. போதாக்குறைக்கு, மறைத்த நெட்வொர்க்கைத் தேட வேண்டிய போன், வெளியே போகும் இடங்களிலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கக்கூடும். வீட்டில் மறைத்ததை ஊரெல்லாம் அறிவிப்பதாக ஆகிறது. மறைக்க வேண்டாம்.

பெயரை மாற்றுவதில் பயன் இருக்கிறது. டபிள்யூபிஏ2 கணக்கில் பாஸ்வேர்டோடு நெட்வொர்க் பெயரும் கலக்கப்படுகிறது. ரவுட்டரோடு வந்த, ஆயிரம் வீடுகளில் இருக்கிற பொதுப்பெயரை அப்படியே வைத்திருந்தால், அதற்கென்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணைகள் உதவிக்கு வரும். வேறெங்கும் இல்லாத பெயர் அவற்றைச் செல்லாததாக்கும். அதில் குடும்பப் பெயர், வீட்டு எண், ரவுட்டரின் மாடல் எதுவும் வேண்டாம்.

மேக் ஃபில்டர்: உழைப்பு அதிகம், பலன் குறைவு

அனுமதிக்கப்பட்ட மேக் முகவரிகள் மட்டுமே இணையலாம் என்று பட்டியல் போடுவது, வாசலில் காவலாளி நிற்பது போலத் தோன்றும். ஆனால் மறையாக்கம் இருந்தாலும் மேக் முகவரி ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் திறந்தபடியே போகிறது. அனுமதி உள்ள ஒரு முகவரியைக் கேட்டு வைத்துக்கொண்டு, தன் கருவிக்கு அதையே சூட்டிக்கொள்வது எளிது. இந்தக் காவலாளி முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டையில் எழுதியிருக்கும் பெயரைத்தான் படிக்கிறார்.

ஓர் உறவினர் வீட்டில் இதைப் போட ஒரு மாலை முழுவதும் கருவி கருவியாக முகவரி சேகரித்தோம். அடுத்த வாரமே ஒரு போன் இணையவில்லை. நெட்வொர்க்கை மறந்துவிட்டு மறுபடி சேர்த்ததில் அது புதிய முகவரியை எடுத்திருந்தது. போனின் முகவரி மாற்றத்தை இந்த நெட்வொர்க்குக்கு மட்டும் நிறுத்திவைக்கலாம், ஆனால் தனியுரிமைக்காக வந்த நல்ல வசதியை ஒரு பலவீனமான பூட்டுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பாஸ்வேர்டு வாங்கிப்போன சாதாரணப் பயனரை இது நிறுத்தும்தான். அவரைப் பாஸ்வேர்டை மாற்றியும் நிறுத்தலாம், அது ஐந்து நிமிட வேலை.

டபிள்யூபிஎஸ்: அணைத்துவிடுங்கள்

பாஸ்வேர்டு தட்டாமல், பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தோ இணையும் வசதி இது. பின் எண் முறைதான் ஆபத்து. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் இருக்க வேண்டும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ரவுட்டர் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் சரிபார்த்துப் பதில் சொல்கிறது. எனவே 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சிகளே போதும். ஸ்டெஃபான் ஃபீபாக் என்ற ஆய்வாளர் 2011 இறுதியில் இதை வெளியிட்டார். சில மணி நேரத்தில் பின் கிடைக்கும், பின் கிடைத்தால் பாஸ்வேர்டும் கிடைக்கும். ஐந்து சொல் பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒன்பது லட்சம் ஆண்டுகளும் இந்த ஓட்டை வழியே ஒழுகிப்போகும். பின்னாளில் வந்த ரவுட்டர்கள் தவறான முயற்சிகளுக்குப் பூட்டிக்கொள்கின்றன என்றாலும், கியூஆர் குறியீடு இருக்கும் காலத்தில் இந்த வசதிக்குத் தேவையே இல்லை.

விருந்தினர் நெட்வொர்க்: நான் அதிகம் நம்புவது

மேலே சொன்ன மூவரில், நாம் கொடுத்த பாஸ்வேர்டோடு வந்தவர்தான் அதிகம். அவரைத் தடுக்க எந்த மறையாக்கமும் உதவாது, சாவியை நாமே கொடுத்திருக்கிறோம். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லவும் முடிவதில்லை. இந்தச் சங்கடத்துக்குச் சரியான விடை விருந்தினர் நெட்வொர்க். அதே ரவுட்டரில் வேறு பெயரில், வேறு பாஸ்வேர்டில் இன்னொரு நெட்வொர்க். அதில் இணைந்தவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக் கணினியோ, சேமிப்பகமோ, ரவுட்டரின் அமைப்புப் பக்கமோ எட்டாது.

பெரிய பலன் பாஸ்வேர்டை மாற்றும் நாளில் தெரியும். ஒரே நெட்வொர்க் வைத்திருக்கும் வீட்டில் பாஸ்வேர்டை மாற்றினால் டிவி, பிரிண்டர், கேமரா என்று எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டும். அந்தச் சலிப்பில்தான் ஆண்டுக்கணக்காக மாற்றாமலே விட்டுவிடுகிறோம். விருந்தினர் பாஸ்வேர்டை மாற்றினால் வீட்டில் எதுவும் அசையாது. அதனால் உண்மையிலேயே மாற்றுவோம்.

அமைக்கும்போது இரண்டு இடங்களைக் கவனியுங்கள். சில ரவுட்டர்களில் விருந்தினர் நெட்வொர்க் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்தபடி இருக்கும். டபிள்யூபிஏ2வோ 3ஓ போடுங்கள். 'விருந்தினர் உள் நெட்வொர்க்கை அணுகலாம்' என்ற குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது இருந்தால் இவ்வளவும் வீண். கேமரா, பல்பு போன்ற இணையக் கருவிகளையும் முதன்மை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பது நல்லது. 2016இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. ஆனால் பிரிண்டரும், போனிலிருந்து படம் காட்டும் டிவியும் உங்கள் போன் இருக்கும் நெட்வொர்க்கிலேயே இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

அலுவலகங்களில் போல ஆளுக்கொரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தரும் முறையும் உண்டு. ஒருவரை மட்டும் நீக்க அது மிக வசதி. ஆனால் அதற்குத் தனி சர்வர் வேண்டும், வீட்டு டிவியும் பல்பும் பெரும்பாலும் அதை ஏற்காது. வீட்டுக்கு அது மிகை.

சிக்னல் வலுவைக் குறைப்பது, இரவில் அணைப்பது இரண்டும் பெரிதாகப் பேச வேண்டியவை அல்ல. குறைத்த சிக்னலை நல்ல ஆன்டெனா தூரத்திலிருந்தும் பிடிக்கும், உங்கள் கடைசி அறைதான் தவிக்கும். இரவில் அணைத்தால் காவலுக்கு வைத்த கேமராவும் தூங்கிவிடும். ஊருக்குப் போகும்போது, கேமரா எதுவும் இல்லையென்றால், அணைத்துவிட்டுப் போகலாம்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முந்தையது தொழிற்சாலையில் போட்டபடியே இருந்தால், உள்ளே வந்த யாரும் உங்கள் வைஃபை பாஸ்வேர்டைப் பார்க்கலாம், நீங்கள் போகும் தளங்களை வேறு திசைக்குத் திருப்பும்படி அமைப்பை மாற்றலாம். அதை மாற்றிவிட்டு, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணையுங்கள்.

ஒரே ஒரு மாலைப்பொழுதுதான் இருக்கிறது என்றால் நான் இந்த வரிசையில் போவேன்: டபிள்யூபிஎஸ்ஸை அணைப்பது, மறையாக்க முறையைச் சரிபார்ப்பது, அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுவது, புதிய பெயரோடு ஐந்து சொல் பாஸ்வேர்டு, பிறகு விருந்தினர் நெட்வொர்க். கருவிகளை மறுபடி இணைப்பதில்தான் நேரம் போகும். மேக் ஃபில்டரையும் பெயர் மறைப்பையும் தொடவே மாட்டேன்.

புதிய ரவுட்டர் வாங்கும் நாளில் ஒரு தேர்வு வரும். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே போட்டால் எல்லாக் கருவிகளும் தாமாகவே இணைந்துகொள்ளும். எவ்வளவு வசதி! ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்தப் பாஸ்வேர்டை வாங்கிப்போன அத்தனை போன்களும் அதேபோலத் தாமாக இணைந்துகொள்ளும். பழையதை யாருக்கும் கொடுக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சிறு சந்தேகம் இருந்தாலும், ஒரு மாலையைச் செலவழித்து எல்லாவற்றையும் புதிதாக இணைத்துவிடுங்கள்.